தங்கப்பாண்டி சாரின் கடல் நாடகத்தில் எனக்குக் கிடைத்த பத்து நொடி

"டீச்சர், ஆழ்கடலுக்கு அடியில கெடக்குற கல்லை எடுக்கலாமா, வேண்டாமா?"

போனில் ரெக்கார்டரைப் போட்டு என் முன்னால் நீட்டியபடி தங்கப்பாண்டி சார் ஒருநாள் இப்படிக் கேட்டார். இன்று காலை ராஜபாளையத்தில் அவர் காலமாகிவிட்டார். மாரடைப்பு.

ஒரே பள்ளியில் பல வருடம் வேலை பார்த்தோம். அவர் கெமிஸ்ட்ரி, நான் புவியியல். கடல் என் பாடம்... ரிட்டயர் ஆன பிறகு அதை அவர் எடுத்துக்கொண்டார்.

ஆழ்கடல் தரையில் உருளைக்கிழங்கு போலக் கற்கள் கிடக்கின்றன. உள்ளே நிக்கல், கோபால்ட்... பேட்டரிக்கு வேண்டியவை. எடுத்தால் பெட்ரோலை விட்டுவிடலாம் என்கிறார்கள் சிலர். அங்கே வாழும் உயிர்கள் அழிந்துபோகும் என்கிறார்கள் சிலர். இந்தச் சண்டையைத்தான் சார் நாடகமாக்கினார்.

வசனம் என்று எதுவும் எழுதவில்லை. தூத்துக்குடி மீனவர், கப்பலில் போன விஞ்ஞானி, வத்திராயிருப்பில் பேட்டரி ஆட்டோ ஓட்டுகிறவர்... எல்லாரையும் பேசவைத்துப் பதிவு செய்தார். நடிப்பவர்கள் காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு, அவர்கள் சொன்னதை இருமல் உட்பட அப்படியே மேடையில் சொல்வார்கள்.

என்னையும் கேட்டார். முந்தின நாளே குறிப்பெடுத்துத் தயாரானேன். பட்டுச்சேலை கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

"குரல் மட்டுந்தான் டீச்சர் எடுக்குறேன்" என்று சிரித்தார்.

முக்கால் மணி நேரம் பேசினேன். கண்மாயில் எருமை இறங்கிக் கலங்கிய தண்ணீர் பொழுதுசாயத் தெளிந்துவிடும், கடலடியில் கிளம்பும் சேறு அவ்வளவு சீக்கிரம் அடங்காது... எனக்கே ரொம்பப் பிடித்த உதாரணம் அது.

ராஜபாளையத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் முதல் காட்சி. பேண்டேஜ் துணித் தறியில் வேலை பார்க்கும் முத்துலட்சுமிதான் நானாக நடித்தாள். மீனவராக நடித்தவர் பத்து நிமிடம் பேசினார். ஒரே கைதட்டல். அப்புறம் என் முறை. சார் என்னிடம் கேட்ட கேள்வி ஸ்பீக்கரில் ஒலித்தது.

"நீங்களே பேட்டரி ஸ்கூட்டர்லதான் வாரீங்க. இப்பச் சொல்லுங்க டீச்சர், எடுக்கலாமா?"

"அது வந்து... இருங்க சார்... எனக்குத் தெரியல."

அவ்வளவுதான். எருமை இல்லை, கண்மாய் இல்லை. முத்துலட்சுமி பேசாமல் நின்றாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மதினி குனிந்து கேட்டார்: "ஏட்டி, இம்புட்டு வருசம் புள்ளைகளுக்கு என்னத்தச் சொல்லிக் குடுத்த?"

வெளியே வந்ததும் சாரைப் பிடித்துக்கொண்டேன். "முக்கா மணி நேரத்துல உங்களுக்குக் கெடச்சது இம்புட்டுத்தானா சார்?"

"அது ஒண்ணுதான் டீச்சர் நீங்க தயார் பண்ணாமச் சொன்னது."

அதற்குப் பிறகு பஸ்ஸில்கூட ஜனங்கள் அவரைக் 'கடல் சார்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். முப்பத்திரண்டு வருடம் வகுப்பில் கடல் நடத்தியவள் நான்... கடல் சார் அவர்.

அடுத்த காட்சி என் ஊரில், ஸ்ரீவில்லிபுத்தூரில், என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. போன் செய்து கூப்பிட்டார். காய்ச்சல் என்று பொய் சொல்லிவிட்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று துக்க வீட்டில் முத்துலட்சுமி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னைக்கு நீங்க வரலயே டீச்சர். 'எனக்குத் தெரியல'ன்னுட்டு நின்னேன்ல... கூட்டத்துல ஒரு பெரியவர் எந்திரிச்சு, 'எங்களுக்குந்தான் தெரியல தாயி'ன்னாரு. பொறவு ஆளாளுக்கு எந்திரிச்சு ஒரு மணி நேரம் வாதாடுனாங்க. சார் அதையும் ரெக்கார்ட் பண்ணி நாடகத்துல சேத்துட்டாரு."

நான் விட்ட மௌனத்தில் ஊரே பேசியிருக்கிறது. அதையும் அவர்தான் கேட்டார். நான் கேட்கவில்லை... கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபோதும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

நாடகம் நன்றாக இருந்தது என்று முதல் நாளே எனக்குத் தெரியும். அவரிடம் ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

சார்... நாடகம் நல்லா இருந்துச்சு.

இதைப் படித்து முடித்ததும், நீங்கள் பொறாமைப்படும் ஒருவருக்குப் போன் செய்து, அவர் செய்தது நன்றாக இருந்தது என்று சொல்லுங்கள். கூட எதையும் சேர்க்காமல் போனை வைத்துவிடுங்கள்.