ஆகாத ஆட்கள்

இராஜேஸ்வரி வரையும் கடல் படங்களில் மனிதர்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போகிறார்களாம். ஜெர்மனியின் ஹம் நகரக் கோயில் மடப்பள்ளியில் கிளம்பிய இந்தக் கதை, வடை வேகுமுன் ஊரைச் சுற்றிவிட்டது. பேய்க்குற்றம் என்றார்கள் சிலர். நாலு வீடு ஏறிப் பார்த்தால் தெரிந்துவிடப் போகிறது.

பார்த்தால், உண்மைதான்! அவள் வரைவதெல்லாம் ஒரே படம்தான், பத்தொன்பதாம் நூற்றாண்டு ரஷ்ய ஓவியம் ஒன்றின் பிரதி. புயலுக்குப் பிந்திய விடியலில், உடைந்த பாய்மரத்தைப் பற்றிக்கொண்டு சிலர். அவர்கள்மேல் கவியப்போகும் பேரலை. கசகஸ்தானிலிருந்து வந்த லீடியாவின் வீட்டில், அவள் மாமன் ஏதோவொரு சஞ்சிகைத் தாளைப் பார்த்து வரைந்த பிரதி தொங்கியது. பிஸ்கட் தொழிற்சாலையில் லீடியாவோடு பெட்டி அடுக்கும் இராஜேஸ்வரி, அந்தப் பிரதிக்குப் பிரதி எடுத்துத்தான் தூரிகை பிடிக்கப் பழகினாள். லீடியாவைப் போல் சோவியத் நாடுகளிலிருந்து வந்த ரஷ்ய ஜெர்மானியர் வாங்கிப்போன படங்களில் எல்லாரும் பத்திரமாக இருக்கிறார்கள். ஈழத்தமிழர் வீடுகளில்தான் குறைகிறார்கள்: சுந்தரேஸ்வரி வீட்டுப் படத்தில் இரண்டே பேர். முருகேசு வீட்டில் மரம் மட்டும். அவர் மகன் வீட்டில் மரமும் போய், டொல்பின் துள்ளுகிறது.

பேய் எதுவும் இல்லை, வாங்குகிறவர்கள் கேட்டதுதான். அலை வீட்டுக்கு ஆகும், சூரியன் ஆகும், தத்தளிக்கிற மனிதர்தான் ஆகாது!

பல்லைக் கடித்துக்கொண்டு அழித்துக் கொடுத்தவள், கோயில் செயலாளர் இராசலிங்கம் புதுமனை புகுவிழாவுக்குக் கேட்ட படத்தில் மட்டும் ஒருவரையும் விடாமல் வரைந்தாள்.

“பிள்ளை, படம் திறம். உந்தச் சனத்தை மட்டும் எடுத்துவிடுங்கோ. குடிபூரல் வீடெல்லே?”

“எடுத்து எங்கை விடுறது அண்ணை, தண்ணிக்குள்ளையோ?”

“பகிடி விடாதேங்கோ. வாறவை என்ன நினைப்பினம்?”

“நாங்களும் இப்பிடி வந்தனாங்கள் எண்டு நினைப்பினம்.”

“நான் பிளேனிலை வந்தனான்!”

“நான் வள்ளத்திலை. அலை அடிக்கேக்கை என்ரை கையைப் பிடிச்சிருந்தது ஆரெண்டு இண்டைக்கும் தெரியாது. அந்தக் கையைத்தான் இதிலை கீறியிருக்கிறன். அழிக்க ஏலாது.”

இராசலிங்கம் படத்தைத் தூக்கிக்கொண்டு போனார்.

குடிபூரலன்று இராஜேஸ்வரி போய்ப் பார்த்தால், படம் சோபாவுக்கு மேலே. சட்டத்தின் இரு மூலைகளிலிருந்தும் தடித்த பிளாஸ்டிக் மாலை தொங்கி, ஆட்கள் இருக்கும் இடத்தைக் கச்சிதமாக மறைத்திருந்தது. செயலாளர் மூளை!

உள்ளே நுழைந்த ஒரு பெரியவர் மாலையைக் கண்டதும் துக்கம் விசாரிப்பவர்போல் குரலைத் தாழ்த்தினார்.

“ஆர் தம்பி மோசம் போனது?”

“ஒருத்தரும் இல்லை அண்ணை!” என்றார் இராசலிங்கம் அவசரமாக.

இராஜேஸ்வரி பாயசக் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தாள். “உயிருக்குப் போராடுற சனத்துக்கு மாலையைப் போட்டுச் சாக்காட்டிப் போட்டியளே! அழிச்சிருந்தாலும் பரவாயில்லை.”

அவள் கை மாலைக்கு நீளுமுன், இராசலிங்கத்தின் மனைவி புஷ்பராணி ஓடிவந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். “அக்கா, சபையிலை வேண்டாம். சனம் போனாப் பிறகு நானே கழட்டுறன். சத்தியமா.”

சனம் போயிற்று. கோடையும் போயிற்று. புஷ்பராணியைக் கோயிலில் காணும்போதெல்லாம், மாலையைக் கழட்டியாயிற்றா என்று இராஜேஸ்வரி கேட்கிறாள்.

“ஓமக்கா, இந்தக் கிழமைக்குள்ளை,” என்கிறாள் புஷ்பராணி.