பங்களாவுக்கு அடியில் கிடந்த குழவிக்கல்

அப்பாவின் பிரஜாவுரிமை மனுவை அரசாங்கம் தள்ளுபடி செய்த வாரம் அது. அவருடைய தகப்பனார் இந்த நாட்டில் பிறந்ததற்கு அத்தாட்சி இல்லையாம். அப்பா தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்தவர், சரியாகச் சாப்பிடவும் இல்லை.

நுவரெலியா டவுனில் அப்போது ஒரு பழைய துரை பங்களாவை இடித்த மனையில், கொழும்பிலிருந்து வந்த ஆராய்ச்சி ஐயா ஒருவர் குழி தோண்டிக்கொண்டிருந்தார். அப்பாவின் தங்கையான என் அத்தை அங்கே மண்கூடை சுமந்தாள். பள்ளிக்கூட விடுமுறையில் நானும் போய், கிடைத்த பீங்கான் துண்டுகளை வாளியில் கழுவினேன்.

ஐயா குழியின் சுவரைப் பிரம்பால் தொட்டு எங்களுக்கு விளக்கினார். மேலே கூரை ஓடும் போத்தல் சில்லும். அதன் கீழே பங்களாவின் அத்திவாரம். "கீழ போகப் போகப் பழசு. அடியில கிடக்கிறவன்தான் முதல்ல வந்தவன்."

துரைமார் தின்ற தட்டின் நீலப்பூத் துண்டுகளை மேசையில் பஞ்சு விரித்து வைத்திருந்தார்.

அத்திவாரத்துக்கும் அடியில் கரிமண் வந்தது. அடுப்புக் கற்கள், பக்கத்தில் முனை உடைந்த ஓர் அம்மிக் குழவி. ஐயா எட்டிப் பார்த்தார். "கூலியாட்கள் சாமான். குப்பையில போடு."

அத்தை அதைக் கழுவி நீலப்பூத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஐயா எடுத்துக் கீழே வைத்தார். அவள் மறுபடி மேசையில் வைத்தாள்.

"சொன்னது விளங்கலியா?"

"விளங்குச்சுங்க. அடியில கெடக்குறவன் முதல்ல வந்தவன்னு நீங்கதானே சொன்னீங்க?"

குழிக்குள் யாரோ சிரித்தார்கள். ஐயாவின் காது சிவந்தது. "நாளைக்கு நீ வர வேணாம்."

"சரிங்க. குப்பைக்குப் போறத நான் கொண்டுக்கிட்டுப் போறேன்."

குழவியைக் கூடையில் போட்டுத் தலையில் தூக்கி நடந்தாள். ஏற்றம் முழுக்க நான் முணுமுணுத்தேன். "வீட்டுலதான் நல்ல கொழவி இருக்கே அத்தே. வேலையும் போச்சு."

"பேசாம நடடி."

லயத்துக்கு வந்ததும் அந்தக் குழவியாலேயே தேங்காயும் மிளகாயும் வைத்துச் சம்பல் அரைத்தாள். நடந்ததைச் சொல்லியபடி, ரொட்டித் தட்டை அப்பாவின் முன் தள்ளினாள்.

"எந்திரிண்ணே. பங்களாவுக்கு முந்துன கல்லு. தின்னு பாரு."

அப்பா எழுந்து உட்கார்ந்தார். ஐயாவின் காது சிவந்ததை இன்னொரு தரம் சொல்லச் சொல்லிச் சிரித்தார். பிறகு இன்னொரு ரொட்டி கேட்டார்.

வேலை போன நாளில் இருவரும் எதற்காக அப்படி ரசித்துத் தின்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. சம்பலில் மண் கடிபட்டது. அதைச் சொன்னவள் நான் மட்டும்தான்.