ராஜம் அக்காவின் கிட்டாரில் ஒரு விரிசல்

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அரிசி களைந்துகொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. கிள்ளானிலிருந்து சுமதி, ராஜம் அக்காவின் தம்பி மகள். "ஆன்டி, அத்தை போயிட்டாங்க. விடியக்காலையில, தூக்கத்துலேயே" என்றாள். ரிசீவரை வைத்துவிட்டு வந்து மீதி அரிசியையும் களைந்து உலையில் போட்டேன். அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது நிம்மதி. மாதக்கணக்கில் வலியோடு கிடந்தவருக்கு வலி நின்றது என்ற நிம்மதி மட்டுமல்ல. எனக்கே எனக்கென்று வேறொரு நிம்மதியும் இருந்தது. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

போர்ட் கிள்ளானில் நம் சரக்கு அலுவலகத்தில் அவரோடு வேலை பார்த்தவர்கள் இதைப் படிப்பீர்கள். அவருக்குப் பிடித்த வரிசையிலேயே, குறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். இரவல் வாங்கிய குடையைத் திருப்பித் தரமாட்டார். யார் எவ்வளவு நன்றாகப் பாடினாலும் "பரவால்ல" என்பதற்கு மேல் அவர் வாயிலிருந்து பாராட்டு வராது. கோபம் வந்தால் அவர் ஃபைலை மேசையில் போடும் சத்தம் கிடங்குவரை கேட்கும்.

கப்பலில் வந்து சேதமான சரக்குகளுக்கு அறிக்கை எழுதுவது அவர் பிரிவு. கல்லூரி முடித்த கையோடு நான் அங்கே சேர்ந்தேன். அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். என் முதல் அறிக்கையில், பெரும்பாலான பெட்டிகள் நல்ல நிலையில் உள்ளன என்று அழகான ஆங்கிலத்தில் தொடங்கியிருந்தேன்.

"கமலா, நல்லா இருக்கறத யாரும் கேக்கல. எத்தன பெட்டி நனஞ்சிருக்கு?"

"அதிகமில்லக்கா."

"அதிகமில்லன்னு ஒரு நம்பர் இருக்கா? எந்த ஸ்கூல்ல சொல்லிக் கொடுத்தாங்க?"

அறை முழுவதும் சிரித்தது. எதிரே நிற்பவரின் முகம் வாடிவிடக் கூடாது என்றே வளர்ந்தவள் நான். கேட்பவர் எதை விரும்புகிறாரோ அதையே என் நாக்கு சொல்லிவிடும். ராஜம் அக்கா அதை முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்.

அவர் பிறந்தது பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில். அப்பா ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். சனிக்கிழமைகளில் நடனக் குழு ஒன்றில் கிட்டார் வாசிப்பார். ஊர் திரும்பிய வெள்ளைக்கார எஞ்சினியர் ஒருவர் விட்டுச்சென்ற கிட்டார் அது. முப்பதுகளில் அமெரிக்காவில் செய்தது. உடல் சிறியது, குரல் பெரியது என்பார் அக்கா. அப்பா நோயில் விழுந்தபோது அது வீட்டை விட்டுப் போனது. கை மாறிக் கை மாறி எங்கேயோ மறைந்தது. அக்கா ஒரு மலிவான கிட்டாரில் கல்யாணக் கச்சேரிகளுக்கு வாசித்தார், குழுவில் ஒரே பெண்ணாக. ஆனால் பழைய பொருள் விற்கும் எந்தக் கடையைக் கடந்தாலும் அவர் நடை தானாகவே மெதுவாகும்.

எழுபதுகளின் கடைசியில் ஒருநாள் செய்தித்தாளிலிருந்து கிழித்த துண்டு ஒன்றை என் மேசையில் வைத்தார். வெளிநாட்டில் குடியேறிவிட்ட டாக்டர் ஒருவரின் அம்பாங் வீட்டுச் சாமான்கள் ஏலம்; எங்கள் பேச்சில் லெலோங். பட்டியலின் கடைசியில், பழைய அமெரிக்க கிட்டார் ஒன்று.

"சனிக்கிழம லெலோங். நீயும் வா."

"எனக்குக் கிட்டாரப் பத்தி என்னக்கா தெரியும்?"

"அதுக்குத்தான் கூப்புடுறேன். மணியம் அண்ணன் கண்டிப்பா வருவாரு. நான் அதத் தொட்டா போதும்லா, அவரு விடமாட்டாரு."

மணியம் அண்ணன் பிரிக்பீல்ட்ஸில் இசைக்கருவிக் கடை வைத்திருந்தவர். நல்ல மனிதர்தான். ஆனால் எந்தக் கருவி நல்லது என்பதை ராஜம் அக்காவின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வார். ஆகவே ஏலத்துக்கு முன் பொருள்களைப் பார்வையிடும் நேரத்தில் அக்கா தையல் இயந்திரங்களைப் பார்ப்பது, நான் கிட்டாரைப் பார்ப்பது என்று ஏற்பாடு. ஏல எண் எழுதிய அட்டையும் என் பெயரில்தான். ஒரு டார்ச்சும், பல் டாக்டர்கள் வாய்க்குள் விட்டுப் பார்க்கும் சின்ன வட்டக் கண்ணாடியும் கொடுத்தார்.

"மேல் பலகைய நல்லா பாரு. கண்ணாடிய ஓட்டைக்குள்ள விட்டு, அதுக்கு அடிப்பக்கத்தையும் பாரு. பாத்தத வந்து சொல்லு."

அவ்வளவுதான் சொன்னார். என்ன தேட வேண்டும் என்று சொல்லவில்லை.

டாக்டர் வீட்டுப் புல்வெளியில் மேசைகளின்மேல் பீங்கானும் மின்விசிறிகளும் பரப்பியிருந்தார்கள். கிட்டார் ஒரு பிரம்பு நாற்காலியில் சாய்ந்திருந்தது. நான் குனிந்து பார்த்தேன். தந்திகள் முடியும் இடத்துக்குக் கீழே, மேல் பலகையில் முடி அளவுக்கு ஒரு கோடு. விரலால் தடவினேன், விரிசல். கண்ணாடியை உள்ளே விட்டேன். விரிசலுக்கு அடியில் வரிசையாக நான்கு சின்ன மரத்துண்டுகள் ஒட்டியிருந்தன. அவற்றில் ஒன்றின்மேல் கறுப்புக் கோடுகளும், இடவலம் மாறிய 7, 8 என்ற எண்களும். யாரோ கையில் கிடைத்ததை வைத்து ஒட்டுப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து வருந்தினேன்.

வாசலருகே சாலையோர ஒட்டுக்கடையில் அக்கா காத்திருந்தார். தேநீர் ஆறிப்போயிருந்தது. அவர் முகத்தில் அத்தனை ஆவலை நான் அதற்குமுன் கண்டதில்லை. விரிசல் என்று சொன்னால் அந்த முகம் என்னாகும்?

"எப்படி இருக்கு?"

"புதுசு மாதிரி இருக்குக்கா."

"மேல் பலக? விரிசல் கிரிசல்?"

"ஒன்னுமே இல்லக்கா. சுத்தமா இருக்கு."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். சந்தோஷப்படுவார் என்று பார்த்திருந்தேன். முகத்தில் விளக்கை அணைத்ததுபோல் இருந்தது. "அப்ப அது இல்ல" என்றார். நல்ல கிட்டார் என்றால் ஏன் வாட வேண்டும்? எனக்கு விளங்கவில்லை, கேட்கவும் பயம். "சரி, வந்தது வந்தோம். கொஞ்ச நேரம் உக்காந்து பாத்துட்டுப் போவோம்" என்றார்.

இனி ஒளிந்துகொள்ளத் தேவையில்லாததால் இருவரும் கடைசி வரிசையில் ஒன்றாகவே உட்கார்ந்தோம். முன்வரிசையிலிருந்து மணியம் அண்ணன் அடிக்கடி திரும்பி அக்காவைப் பார்த்தார். அக்கா கையைக் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். குளிர்சாதனப் பெட்டி போனது, சாப்பாட்டு மேசை போனது. அப்போது அக்கா தானாகவே பேசினார்.

"எங்கப்பா கிட்டார்ல விரிசல் இருக்கும், கமலா. ஒம்பது வயசுல நான்தான் கீழ போட்டேன். அப்பா ஒரு வார்த்த திட்டல. என் ஸ்கூல் ரூலர எடுத்து அறுத்தாரு, உள்ள ஒட்டிட்டாரு. மறுநா ரூலர் இல்லன்னு டீச்சர்கிட்ட அடி வாங்கினேன். அதான் எனக்குத் தண்டன."

"இத மொதல்லயே ஏன்க்கா சொல்லல?"

"சொன்னா, இல்லாத விரிசலும் ஒன் கண்ணுக்குத் தெரியும். என்னச் சந்தோசப்படுத்தறதுக்கு."

மேடையில் ஏலக்காரர் கிட்டாரைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கினார். யாரோ ஒருவர் விலை சொன்னார். மணியம் அண்ணன் அரைமனதாகக் கொஞ்சம் ஏற்றினார். பிறகு சத்தமில்லை.

"சத்து காலி…" என்றார் ஏலக்காரர் மலாயில், ஒருதரம்.

"அக்கா, விரிசல் இருக்கு."

அவர் என்னைப் பார்த்தார்.

"பொய் சொல்லிட்டேன்க்கா. விரிசல் இருக்கு. உள்ள நாலு துண்டு. ஒன்னுல ஏழு, எட்டுன்னு நம்பர் இருக்கு."

"டுவா காலி…" இரண்டாம் தரம்.

"கையத் தூக்குடி!" என்று பல்லுக்குள் சொன்னார் அக்கா.

தூக்கினேன். அட்டையைத் தலைகீழாகப் பிடித்திருந்தேன் என்று பிறகுதான் தெரிந்தது. மணியம் அண்ணன் திரும்பினார். ஆனால் அக்கா கைப்பைக்குள் தலையை விட்டுக் கைக்குட்டையைத் தேடிக்கொண்டிருந்தார், முகம் தெரியவில்லை. காலை முழுவதும் அந்த முகத்தில் பார்த்த சலிப்பை நம்பி, மணியம் அண்ணன் தோளைக் குலுக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டார். சுத்தியல் விழுந்தது.

கிட்டாரை வாங்கிக்கொண்டு வெளியே வரும்போது மணியம் அண்ணன் வழிமறித்தார்.

"ராஜம், உள்ளதச் சொல்லு. அதுல அப்படி என்ன இருக்கு?"

"விரிசல் இருக்கு அண்ணே."

"கிண்டலா?"

"சத்தியமா. பெரிய விரிசல்."

பஸ்ஸில் அக்கா கிட்டாரை மடியில் படுக்கவைத்து, வழி முழுவதும் அந்தக் கோட்டின்மேல் கட்டைவிரலை வைத்திருந்தார். என் பொய்யை மன்னிக்கமாட்டார் என்றே நினைத்தேன். இறங்கும் இடம் வந்தபோது சொன்னார்: "நீ சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரியவே போறதில்ல. சொன்ன பாரு, அது பரவால்ல. ஆனா இனிமே விரிசல மொதல்ல சொல்லு." அவர் அகராதியில் "பரவால்ல" என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும்.

அவர் இறப்பதற்கு ஒன்பது நாள் முன்பு கிள்ளான் வீட்டுக்குப் போயிருந்தேன். கட்டிலைச் சுற்றிலும் உறவினர்கள். முகத்தில் களை வந்திருக்கிறது, தைப்பூசத்துக்கு எழுந்து நடப்பீர்கள் என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அக்கா என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு. எப்படி இருக்கேன்?"

பழைய நாக்கு ஒருகணம் புரண்டது. பிறகு சொன்னேன். "ரொம்ப மெலிஞ்சிட்டீங்கக்கா. கன்னம் ஒட்டிப்போச்சு. கால் வீங்கியிருக்கு."

சுமதி என் கையைக் கிள்ளினாள். அக்கா நீளமாக மூச்சு விட்டார். "அப்பாடா, ஒருத்தியாவது சொன்னாளே" என்றார். மற்றவர்கள் வெளியே போன பிறகு, அதுவரை யாரிடமும் சொல்ல முடியாமலிருந்ததையெல்லாம் சொன்னார்: எந்தப் புடவை உடுத்த வேண்டும், கிட்டார் யாருக்கு, தனக்கு எதற்குப் பயம், எதற்குப் பயமில்லை. அன்று நானும் களை வந்திருக்கிறது என்று சொல்லியிருந்தால், அத்தனையும் அவரோடு பூட்டிக் கிடந்திருக்கும். தொலைபேசி வந்த காலையில் எனக்கு வந்த நிம்மதி அதுதான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் சுமதி கிட்டார் பெட்டியைத் திறந்தாள். அது இப்போது அவளுடையது. தந்திகளுக்கு அடியில் அந்தக் கண்ணாடியும் இருந்தது.

"நல்லா இருக்கா ஆன்டி?" என்று கேட்டாள்.

கண்ணாடியை உள்ளே விட்டு, சுமதி கொடுத்த டார்ச்சை அடித்துப் பார்த்தேன். "ஒரு துண்டுல பசை விட்டிருக்கும்மா. ஏழு, எட்டு இருக்கே, அந்தத் துண்டு. ஒட்டணும்."

"ஒட்டிடலாம் ஆன்டி."

கிட்டாரை அவள் வைத்துக்கொண்டாள். கண்ணாடியை நான் எடுத்துக்கொண்டேன்.