அக்காவின் தங்கப் பொட்டு

கஞ்சிக்கோட்டில் எங்கள் கம்பெனிச் சுவரோரம் யாரோ நட்ட சர்க்கரைவள்ளி இலையில், உருக்கிய தங்கம் ஒரு சொட்டு விழுந்ததுபோல் ஒரு வண்டு.

சின்ன வயதில், ஊர்த் திருவிழாவான நோம்பி நாளில் அக்காவுக்கு அதுதான் பொட்டு. கிழங்குக் காட்டில் நான் பிடித்துவந்து அவள் நெற்றியில் விடுவேன். மிரண்டால் வண்டின் பொன்னிறம் போய்ச் செம்மண் நிறமாகிவிடும். அதனால் மூச்சை அடக்கி நிற்பாள்.

"சிரிக்க வெக்காத புள்ள, தங்கம் போயிரும்!" என்பாள் உதடு அசையாமல். அதற்கே எனக்குச் சிரிப்பு பீறிடும், அவளுக்கும் தொற்றும். வண்டு நிறம் மங்கிப் பறந்துவிடும்.

"கண்ணாலத்துக்கும் பூச்சியத்தான் வெப்பியா?" என்பாள் அம்மா.

சுவரோரம் நின்றபடியே வீடியோ காலில் அக்காவைக் கூப்பிட்டு, வண்டிருந்த இலையைக் காட்டினேன். உடும்பஞ்சோலையில், பேரன் எடுத்துவிட்ட என் அக்கா மூச்சை அடக்கி அசையாமல் நின்றாள்.