அக்கா கேட்ட சாமான்கள்

என் அக்கா பல்செட் செய்கிறவள். டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துக்கொண்டு, ஒரு மாடிக் கட்டடத்தின் பின்பக்க அறையில் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஊரார் வாய்க்குப் பல் கட்டுகிறாள். இந்தப் பக்கத்தில் பாதிப் பேர் அவள் புண்ணியத்தில்தான் சிரிக்கிறார்கள். எங்கள் அண்ணன் மட்டும் சொந்தப் பல்லைக் காட்டி அவளைப் பார்த்தே சிரிப்பான்.

"அவ கை பட்டா எதுவும் உருப்படாது." இதுதான் அவனுடைய சிரிப்பு. விருந்தாளி வந்தால் ஒரு தரம், வராவிட்டால் ஒரு தரம். அவன் வீட்டுக்குப் போனால் எல்லோருக்கும் கண்ணாடி டம்ளரில் டீ வரும், அக்காவுக்கு பிளாஸ்டிக் கப்பில். அண்ணிக்கே அது சங்கடம்தான். ஆனால் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கேட்ட கதை, அவளும் பழகிப் போய்விட்டாள். எனக்குத்தான் ஒவ்வொரு தடவையும் பற்றிக்கொண்டு வரும்.

கதை இதுதான். சின்ன வயசில் அப்பா ஒரு வீடியோ கேம் வாங்கி வந்தார், கையில் பிடித்து விளையாடுவது. மூன்று பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் வாங்கினார். எனக்கு அப்போது நடக்கவே வரவில்லை, என்னை விடுங்கள். அக்காவுக்கு நன்றாக விவரம் தெரியும். ஆனால் அது அண்ணன் கையை விட்டு இறங்கவே இல்லை. "இந்த லெவல் முடிஞ்சதும் தரேன்" என்பானாம். லெவல் முடியும், அடுத்தது வரும். ஒருநாள் அது திரை விரிசல் விட்டுச் செத்துக் கிடந்தது. அண்ணன் அக்காவைக் கை காட்டினான். நான் உடைக்கலை என்று அவள் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மூத்த பையன் பொய் சொல்வானா? பொய் சொல்கிறாள் என்று அடியும் அவளுக்குத்தான் விழுந்தது. அதற்கப்புறம் அதைப் பற்றி அவள் வாயே திறந்ததில்லை.

அப்படிப்பட்டவள் இந்த வருஷம், தானே ஒரு வீடியோ கேம் செய்யப் போகிறேன் என்றாள். அந்தக் காலத்து ஆட்டங்கள் ஓட வேண்டும், அவ்வளவுதான். கடையில் ரெடிமேடாகக் கிடைக்கிறதே என்றேன். இடது கையை நீட்டினாள். பல்செட் வேக வைக்கும் சூட்டில் வெந்துபோன கட்டைவிரல், பாதிக்கு மேல் மடங்காது. கடையில் இருப்பதிலெல்லாம் பட்டன் அந்த விரலுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறதாம்.

பல்செட்டை முதலில் மெழுகில் செய்து வாயில் வைத்துப் பார்த்த பிறகுதான் அசலில் இறங்குவார்கள். இதற்கும் அவள் அதையேதான் செய்தாள். மெழுகை உருக்கிக் கட்டையாக வார்த்து, சூடு ஆறுவதற்குள் இரண்டு கையாலும் பிடித்தாள். கட்டைவிரல்கள் பதிந்த இடம் பட்டனுக்கு. வெளிக்கூடு பல்செட்டுக்கு ஈறு செய்யும் அதே பொடியில். அதாவது எங்கள் வீட்டுக்கு ஈறு நிறத்தில் ஒரு வீடியோ கேம் வரப்போகிறது. நான் சிரித்தேன், அவளும் சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை காலம் ஆயிற்று என்று அப்போதுதான் உறைத்தது.

மிச்ச சாமான்களை வாங்கத்தான் வேண்டும். அதில் அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும். விற்கிறவர்கள் போட்டிருந்த அளவுக்கு அட்டையை வெட்டி, மெழுகுக்குள் வைத்து வைத்துப் பார்த்தாள். ஒரு பேட்டரி தடிமனாக இருந்தது, வேண்டாம். ஒரு திரையின் வயர் பட்டன் இருக்க வேண்டிய பக்கம் வந்தது, அதுவும் வேண்டாம். ஸ்பீக்கர் சின்னதாகக் கிடைத்தபோது, அந்த இடத்தில் பேட்டரியை நகர்த்தி மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். திரையையும் ஆட்டத்தை ஓட்டுகிற போர்டையும் ஒரே கடையில் வாங்க வேண்டும், ஒன்றோடொன்று பேசாவிட்டால் இரண்டும் குப்பை என்றாள். சாப்பாட்டு மேஜையில் தட்டு வைக்க இடமில்லாமல் அட்டைத் துண்டுகள் கிடந்தன. நான் மடியில் வைத்துச் சாப்பிட்டேன்.

பகலில் எங்கள் வீடு பூட்டிக் கிடக்கும், பார்சல் வந்தால் வாங்க ஆளில்லை. அண்ணன் ஆபீசில் ஆள் உண்டு. வேறு வழியில்லாமல் அவனிடம் சாமான் பட்டியலை அனுப்பி, ஆர்டர் பண்ணச் சொல்லி, பணத்தையும் முதலிலேயே கொடுத்து, "எதையும் மாத்தாதே, அண்ணா" என்று இரண்டு தரம் சொன்னாள். பாத்துக்கறேன் என்றான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது, வந்துடுச்சு வாங்க என்று. அக்கா மெழுகுக் கட்டையை டிபன் பாக்ஸில் வைத்துக்கொண்டாள். அளவு பார்க்கும் கருவி, பொடி ஸ்க்ரூடிரைவர் எல்லாம் பையில். அவன் வீட்டு ஹாலில் அவளுக்கு பிளாஸ்டிக் கப் வந்தது, எனக்குக் கண்ணாடி டம்ளர். அண்ணன் உள்ளே போய் ஒரே ஒரு பெட்டியைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தான்.

பளபளவென்று ஒரு ரெடிமேட் வீடியோ கேம்.

சில்லறைச் சாமான்களெல்லாம் தலைவலி, அதனால் அந்தப் பணத்தில் இதை வாங்கிவிட்டேன், குறைந்ததை நானே போட்டேன் என்று பெரிய மனசு பண்ணியவன் மாதிரி சொன்னான். நான் டம்ளரை மேஜையில் வைத்தேன். யாரைக் கேட்டு மாற்றினாய் என்று நான் ஆரம்பிப்பதற்குள் அவனே அக்காவைப் பார்த்துச் சொன்னான்.

"நீ ஒவ்வொண்ணா வாங்கி ஒவ்வொண்ணா உடைப்பே. எனக்குத் தெரியாதா உன்னை?"

அக்கா அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். இடது கட்டைவிரல் பட்டனைத் தேடிப் போய்ப் பாதியில் நின்றது. நான் அதைப் பார்த்தேன், அண்ணியும் பார்த்தாள். அண்ணன் பார்க்கவில்லை. அவன் ஆன் பண்ணு, ஆன் பண்ணு என்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தான்.

அவள் அதைக் கவிழ்த்து வைத்தாள். பையைத் திறந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். முதல் ஸ்க்ரூ கழன்று மேஜையில் உருண்டபோதுதான் அவனுக்கு விஷயம் புரிந்தது. அடியே, என்ன பண்றே, புதுசுடி என்று எழுந்தான். அவள் நிமிரவில்லை. மூடியைப் பிரித்து, திரையைத் தனியே எடுத்து அளந்தாள். டிபன் பாக்ஸைத் திறந்து, மெழுகில் திரைக்கு விட்டிருந்த இடத்தில் வைத்துப் பார்த்தாள். கொஞ்சம் பெரிசு. விளிம்பைக் கீறி மெழுகை அகலமாக்கினாள். அடுத்தது பேட்டரி, அதற்கடுத்தது ஸ்பீக்கர். பட்டன் பக்கத்திலிருந்து வயர் இழுத்துக்கொள்ளலாம் என்று என்னிடம் மட்டும் சொன்னாள், வேலை செய்யும் இடத்தில் பேசுகிற குரலில்.

"நான் ஆசையா வாங்கிட்டு வந்தா, உடைக்கிறே" என்றான் அண்ணன்.

அக்கா அப்போதுதான் அவனைப் பார்த்தாள். எனக்குத் தெரிந்து அப்படி அவள் அவனைப் பார்த்ததே இல்லை.

"ஆமா, உடைக்கிறேன். இதைத்தான் நான் உடைக்கிறேன். அன்னிக்கு நான் உடைக்கலை."

அண்ணிதான் கேட்டாள். குத்திக் காட்டிக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"அப்போ யாருங்க உடைச்சது?"

அண்ணன் உட்கார்ந்துவிட்டான். தன் கண்ணாடி டம்ளரைத் தள்ளி வைத்தான், மறுபடி பக்கத்தில் இழுத்துக்கொண்டான்.

"தோத்துட்டேன். கோவத்துல சுவத்துல அடிச்சேன்" என்றான். அதை அவன் அண்ணியிடம் சொன்னானா அக்காவிடம் சொன்னானா தெரியவில்லை, தரையைப் பார்த்துச் சொன்னான்.

அக்கா கழற்றிய ஸ்க்ரூக்களைப் பொறுக்கி அந்த பிளாஸ்டிக் கப்பில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"தெரியும்" என்றாள். "பக்கத்துலதானே உக்காந்திருந்தேன், என் முறை வரும்னு."