தைலமரத்துக்கு நான் எழுதிய மனு

ஆவடியில் எங்கள் ஃபாக்டரி குவார்ட்டர்ஸ் வரிசைக்குப் பின்னால், காம்பவுண்டுச் சுவரை ஒட்டி நான்கு மரங்கள் நின்றன. வெள்ளைப் பட்டை. விரலால் நெருடினால் பழைய நோட்டுப் புத்தகம் போலத் தாள் தாளாகக் கழன்று வரும். இலையைக் கசக்கினால் தைல வாசம் தூக்கும். காலனியில் எல்லோருக்கும் அது தைலமரம்தான். ஊட்டிப் பக்கத்துத் தைலமரம் வேறு, இது மெலலூக்கா, தண்ணீர் தேங்குகிற இடத்தைக் காயவைக்க வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த சாதி என்று என் வீட்டுக்காரர் சொல்லுவார். ஃபாக்டரியில் தோட்டம் பார்க்கிறவர் யாரோ அவருக்குச் சொன்னது.

அவருக்கு இழுப்பு உண்டு. எண்பதுகளின் நடுவில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த எனக்கு முதல் மார்கழியிலேயே அந்த விசில் சத்தம் பழகிவிட்டது. ஒரு கை இலையைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு, போர்வையை மூடிக்கொண்டு ஆவி பிடிப்பார். கொஞ்ச நேரத்தில் முகம் தெளியும். அந்த நான்கு மரங்களும் என் அப்பா சீதனமாகக் கொடுத்த மாதிரி எனக்கு ஒரு நினைப்பு.

ஒருநாள் குவார்ட்டர்ஸைப் பராமரிக்கிற எஸ்டேட் ஆபீஸ் ஆட்கள் வந்து மரங்களில் சுண்ணாம்பால் நம்பர் போட்டுவிட்டுப் போனார்கள். வேர் போய்ச் சாக்கடைக் குழாயை அடைக்கிறதாம், வெட்டப் போகிறார்களாம். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் குவார்ட்டர்ஸ்காரர்கள் எதற்கும் சண்டைக்குப் போக மாட்டோம், மனுப் போடுவோம். தண்ணீர் வராவிட்டால் மனு, தெருவிளக்கு எரியாவிட்டால் மனு, நாய்த் தொல்லைக்கும் மனு. எங்கள் வரிசையில் அதை எழுதுவது நான். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. ‘மருத்துவ குணம் மிக்க’, ‘குடியிருப்போர் அனைவரின் உடல்நலத்தையும் முன்னிட்டு’ என்று இரண்டு பக்கம் விளாசி, பரீட்சை அட்டையில் செருகிப் பக்கத்து வீட்டில் கொடுத்தேன். வழக்கப்படி அது வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கியது. கடைசி வீட்டுக்காரரே ஆபீஸில் சேர்த்துவிட்டார். யார் யார் போட்டார்கள் என்றுகூட நான் பார்க்கவில்லை. மரங்கள் பிழைத்தன. ஒரு மாதம் நான் தரையில் நடக்கவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம், பக்கத்து ஊரான சேக்காட்டுக்காரி ஒருத்தியின் கீரைப் பாத்திகள் இருந்தன. ஏறக்குறைய என் வயதுதான் அவளுக்கு. அவள் குடும்பம் தலைமுறையாக அடுத்தவர் வயலில் கூலிக்கு உழைத்தது. சொந்தம் என்று கைக்கு வந்தது அந்தத் துண்டு நிலமும் அதன் நடுவில் ஓர் உறைக்கிணறும்தான். காலையில் கூடையோடு எங்கள் வரிசைக்கு வருவாள். அரைக்கீரை, சிறுகீரை, மண் ஒட்டிய வேரோடு. அவள் வீட்டில் அடுப்பு எரிந்தது அந்தக் கூடையால்.

மனுப் போட்ட அடுத்த வருடம், ஆஸ்பத்திரியில் என் வீட்டுக்காரருக்கு வாயில் அடித்துக்கொள்கிற பம்பு கொடுத்தார்கள். ஆவி பிடிப்பது நின்றது. இலை பறிக்க நான் சுவர்ப் பக்கம் போவதும் நின்றது. அதற்கடுத்த கோடையில் கீரைக்காரி தினமும் வருவதை விட்டு வாரத்துக்கு இரண்டு நாள் வந்தாள். பிறகு ஒரு நாள். என்னம்மா, ஆளையே காணோம் என்று கேட்டேன். வந்து பாரு என்று கூட்டிப்போனாள்.

கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தேன். உறைகளின் இடுக்கிலிருந்து வேர் சடைசடையாகத் தொங்கியது. பாத்திகளில் கீரையைவிட நெருக்கமாகத் தைலமரக் கன்றுகள்.

“புடுங்கப் புடுங்க மொளைச்சிக்கினே கீதும்மா. கொடத்த உட்டா பாதி சேறுதான் வருது. நான் இன்னா பண்றது?”

அந்த வருடம் மழையும் ஏமாற்றியது உண்மைதான். தண்ணீர் முழுவதையும் மரம்தான் குடித்தது என்று இன்றைக்கும் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வேரும் கன்றுகளும் எங்கிருந்து வந்தன என்பதில் சந்தேகமே இல்லை. வீட்டுக்கு வந்ததும் இரண்டாவது மனுவை எழுதினேன். மரங்களை உடனே வெட்ட வேண்டும் என்று.

எஸ்டேட் ஆபீஸ் கிளார்க் அதைப் படித்துவிட்டு, ஃபைலை எடுத்து என் முதல் மனுவை என் பக்கமே திருப்பி வைத்தார். “ஏம்மா, மருந்து மரம், தொடாதேன்னு நீங்கதான எழுதியிருக்கீங்க? பக்கத்து நிலத்துக்காரங்களே சம்மதிச்சு வெச்சிருக்காங்க. இத வெச்சு மேலிடத்துல ஆர்டர் வாங்கியாச்சு. இனிமே ஒண்ணும் பண்ண முடியாது.”

கையெழுத்துகளுக்கெல்லாம் கீழே நீல மையில் ஒரு கைநாட்டு. பக்கத்தில் யாரோ எழுதியிருந்தார்கள்: கீரை விற்பவர், சேக்காடு.

நேராக அவளிடம் போனேன். பாத்தியை அப்படியே போட்டுவிட்டு, திங்கட்கிழமையிலிருந்து அம்பத்தூரில் ஒரு கம்பெனிக்குக் கூட்டிப் பெருக்கப் போவதாகச் சொன்னாள். நான் மனுவைப் பற்றிக் கேட்டேன்.

“மரத்த வெட்டக் கூடாதுன்னு எழுதின மனும்மா அது. தெரியாமலா கைநாட்டு வெச்சே?”

“தெரியாம இன்னா? கடைசி ஊட்ல கீரை போடப் போனப்ப, படிச்சிக் காட்டிட்டுத்தான் கேட்டாங்க. உங்க ஊட்டுக்காரரு மூச்சு உட முடியாம அவஸ்தைப்பட்றாரு, அந்த எலதான் மருந்துன்னாங்க. வெச்சேன்.”

பிறகு அவளே கேட்டாள்.

“இப்ப எப்டி கீறாரு?”

“நல்லா இருக்கார்.”

“எல நல்லா கேக்குது போல” என்று சிரித்தாள்.

“ஆமா” என்றேன்.