பத்து நாள் பேசாத பாண்டித்துரை

பாண்டித்துரை எனக்கு வேற்றாள் இல்லை. என் பெரிய மதினி பிரபாவதியின் தம்பி மகன். துபாயில் ஜெபல் அலி குடோனில் பெட்டி ஏற்றி இறக்குகிறான். அவன் தாத்தா தொட்டு எல்லோருமே எதிராளி பாதி சொல்லும் முன்னே மீதியைத் தாங்களே சொல்லிவிடுகிறவர்கள்.

போன வருஷம் மாசியில் லீவுக்கு வந்துபோனான். கோடை வந்ததும் அவன் பெண்டாட்டி ஜோதிமணி போனில் பேச்சைக் குறைத்துவிட்டாள். எதைக் கேட்டாலும் "ம்". குடும்பம் கைவிட்டுப் போகிறதோ என்று அவனுக்குப் பயம்.

"என்னடி கோவம்? அம்மா ஏதும் சொல்லுச்சா? அது அப்படித்தான், விடு." கேள்வியும் அவனே, பதிலும் அவனே.

ஆடியில் அவன் தொண்டையில் சின்னக் கட்டி. அதை எடுத்த டாக்டர் பத்து நாள் ஒரு சொல்லும் பேசக்கூடாது என்றுவிட்டார்.

"மாப்ள, இனியாவது ரூம்ல நாங்க வாயத் தொறக்கலாம்!" என்று சிரித்தான், கூடத் தங்கியிருந்த காயல்பட்டினத்து உஸைர்.

பாண்டித்துரை மனைவிக்கு எழுதி அனுப்பினான்: "நீ பேசு. போனைத் தட்டினா நான் கேக்குறேன்னு அர்த்தம்."

முதல் நாள் ஆட்டுக்குட்டி சீக்காய்க் கிடப்பதைச் சொன்னாள். இரண்டாம் நாள் ஒன்றுமே சொல்லவில்லை, அவனும் போனை வைக்கவில்லை. மூன்றாம் நாள் கேட்டாள்:

"இருக்கீங்களா?"

டொக்.

"சித்திரையில ஒரு வாய்ஸ் அனுப்புனேனே. உண்டாயிருந்தேன், கலைஞ்சு போச்சுன்னு. மூணு மாசம் ஆகட்டும், அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள... நீங்க கட்டைவிரல் படம் போட்டீங்க."

வேலைக்குப் போகும் கேம்ப் பஸ்ஸில் வீட்டு வாய்ஸை எல்லோரும் இரட்டை வேகத்தில் ஓடவிடுவார்கள். இவன் பாதியில் நிறுத்தி, கட்டைவிரலைப் போட்டுவிட்டு இறங்கியிருக்கிறான். தேடியெடுத்து நிதானமாய்க் கேட்டான். நான்கு நிமிஷம் ரேஷன் அரிசி, உடைந்த பைப்பு. பிறகு ஒரு விம்மல். அதற்கப்புறம்தான் அந்தச் சேதி.

"இதை நான் கேக்கவே இல்லை, ஜோதி. தப்பு என்னோடது" என்று எழுதினான்.

அன்று அழுதவள், அடுத்த நாளிலிருந்து நாளுக்கு ஒரு மணி நேரம் பேசினாள். ஒன்பது வருஷம் பேசியே தெரிந்துகொள்ளாத பெண்டாட்டியை வாய் கட்டிக் கிடந்து தெரிந்துகொண்டானே! இத்தனை கல்யாணம் பார்த்த எனக்கு நினைக்க நினைக்க மலைப்புத்தான்.

பதினோராம் நாள் அவள் சொன்னாள், "தொண்டை தேறிருச்சாமே. பேசுங்களேன்."

"நீ சொல்லி முடி" என்றான், கரகரத்த குரலில்.

"பிள்ளைக்கு ஒரு பேரு நினைச்சு வச்சிருந்தேன்."

அவன் காத்திருந்தான். சொன்னாள்.

மதினி எத்தனையோ தரம் கேட்டுவிட்டாள். அந்தப் பேரை அவர்கள் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.